ஆளில்லை என்கிற கணக்கு: பனிநாட்டு ரயிலும் சேலம்–கரூர் தடமும்

1

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், பனி மூடிய ஒரு ஸ்டேஷனில், ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ரயில் நின்று போகிறது. அவள் படிப்பு முடியும்வரை ஸ்டேஷனை மூடுவதில்லை என்று நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது. இப்படி ஒரு கதை 2016 ஜனவரியில் உலகம் முழுக்கச் சுற்றியது. சீன அரசுத் தொலைக்காட்சியின் முகநூல் பக்கம் அதற்கு வேகம் கொடுத்தது. தமிழிலும் வந்தது. “பாத்தீங்களா, அதுதான் நாடு, நம்ம நாட்டுல நடக்குமா” என்கிற வால் ஒட்டிக்கொண்டே வந்தது.

நடந்ததை முதலில் பார்த்துவிடலாம். செகிஹொக்கு பிரதானத் தடத்தில் கமி-ஷிரதாகி, கியூ-ஷிரதாகி, ஷிமோ-ஷிரதாகி என்று மூன்று சின்ன ஸ்டேஷன்கள். மூன்றையும் 2016 மார்ச் 26 அன்று ஒன்றாக மூடினார்கள். ஏறி இறங்க ஆளில்லை என்பது காரணம். மார்ச்சில் கால அட்டவணை மாறுவது அங்கே வழக்கம். பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில்தான். இரண்டும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தன, அவ்வளவுதான். கதை சொன்ன ஸ்டேஷன் ஒன்று, அந்த மாணவி ஏறிய ஸ்டேஷன் இன்னொன்று. அந்த வண்டியில் அவள் மட்டும் போகவுமில்லை, கூடப் படித்த பிள்ளைகளும் போனார்கள்.

தகவல் பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு பிரதி பொய்யாக இருந்தும் இவ்வளவு பேருக்குத் தேவைப்படுகிறது என்றால் அந்தத் தேவையைத்தான் வாசிக்க வேண்டும். மூன்று ஸ்டேஷன்களை ஒரே நாளில் இழுத்து மூடிய சம்பவம், ஒரு ஸ்டேஷனைத் திறந்து வைத்திருந்த சம்பவமாகத் திருப்பிப் போடப்படுகிறது. ஒரு மூடுவிழாவை நாம் கண்ணீரோடு கொண்டாடியிருக்கிறோம். அது மட்டுமில்லை. போக்குவரத்து என்கிற உரிமை இந்தக் கதையாடலில் கருணையாக மாறுகிறது. உரிமைக்கு உரியவர்கள் உண்டு. அவர்கள் பலர், கேள்வி கேட்பார்கள், சங்கம் வைப்பார்கள். கருணைக்கு ஒரே ஒரு பயனாளி போதும். அவள் சிறுமியாக, தனியாக, பேசாமல், பனியில் நிற்பவளாக இருந்தால் இன்னும் நல்லது. பேசாத அந்த ஒருத்தியை முன்னால் நிறுத்திவிட்டு, பேசியிருக்கக்கூடிய ஆயிரம் பேரைக் கதை அழித்துவிடுகிறது.

ஆளில்லை என்று அந்த ஊர்களைப் பற்றிச் சொன்னது யார், எந்தக் கணக்கில் சொன்னார்கள், அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று கதை கேட்பதில்லை. ஹொக்கைடோவை விட்டுவிட்டு அதே கேள்வியை நம் பக்கத்தில் ஓடுகிற ஒரு தடத்தை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

2

சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1861-லேயே சேலத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டே மேற்குக் கடற்கரை வரை போய்விட்டது. ராசிபுரமும் நாமக்கல்லும் அதன் வழியில் இல்லை. பழைய சேலம் மாவட்டத்தின் வடக்கில், பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுபோகத் தோதாக, மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஒரு குறுகிய தடம் போட்டார்கள். 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. வரும்படி இல்லை என்று இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது இல்லாமலே போனது. ஆக, ஆளில்லை என்று தடத்தை எடுப்பது ஜப்பானுக்கு மட்டும் உரிய சரித்திரமில்லை, நம் மாவட்டத்துக்கும் உண்டு. பனிதான் இல்லை, அதனால் யாரும் கதை எழுதவில்லை.

சேலம்–கரூர் அகலப்பாதைக்குத் தொண்ணூறுகளின் நடுவில் அனுமதி கிடைத்தது. பயணிகள் வண்டி ஓடியது 2013-ல். சேலத்துக்கு ரயில் வந்து 152 வருசம் கழித்து ராசிபுரத்துக்கு வந்தது. மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி, நாமக்கல், லத்துவாடி, மோகனூர். காவிரியைத் தாண்டினால் வாங்கல், கரூர். சுமார் 85 கிலோமீட்டர். இந்தப் பட்டியலில் வெண்ணந்தூர் இல்லை. அதில் அதிசயமும் இல்லை. எல்லா ஊரிலும் ஸ்டேஷன் வைக்க முடியாதுதான். ஆனால் பட்டியலில் இருக்கிற ஊர்க்காரர்கள் வண்டியில் இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

வெண்ணந்தூர் தறி ஊர். விடிந்தால் விசைத்தறிச் சத்தம். நூல் வருவதும் பாவு போவதும் சேலைக்கட்டு போவதும் மொபெட்டிலும் டெம்போவிலும். சேலம் போக வேண்டுமென்றால் ஆட்டையாம்பட்டி வழியாகப் பஸ். இந்தப் பக்கம் ராசிபுரத்துக்குப் பஸ். ஆண்டகளூர் கேட்டில் இருக்கிற அரசு கலைக் கல்லூரிக்குப் பிள்ளைகள் போவதும் பஸ்ஸில்தான். ரயில்லெ போலாமே என்று கேட்டால், “ஏனுங்க, டேசனுக்குப் போறதுக்கே ஒரு பஸ்ஸு ஏறோணும், எறங்கி நடக்கோணும், அப்புறம் வண்டி எப்ப வருதோ அப்பத்தானுங்க” என்று பதில் வரும். ராசிபுரம் என்று பலகை மாட்டிய ஸ்டேஷன் ராசிபுரம் ஊருக்கு வெளியே இருக்கிறது. உள்ளூர் ஆள் நம்பி ஏறி இறங்கக்கூடிய சாதா வண்டிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தறி ஷிப்ட் முடிகிற நேரத்துக்கும் கல்லூரி தொடங்குகிற நேரத்துக்கும் அந்த அட்டவணைக்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் இந்தத் தடம் வீணா? வீண் இல்லை. தடம் ரொம்பச் சுறுசுறுப்பாக இருக்கிறது. பழனி எக்ஸ்பிரஸ் போன்ற தூரத்து வண்டிகள் ராத்திரியில் இதன் வழியாகத்தான் போகின்றன. நாமக்கல் ஸ்டேஷனுக்கு வடக்கிலிருந்து கோழித்தீவனத்துக்கான மக்காச்சோளம் சரக்கு வண்டியில் வந்து இறங்குகிறது. லாரிகள் வரிசை கட்டி நின்று பண்ணைக்கு ஏற்றிக்கொண்டு போகின்றன. லாரிக்கு ‘பாடி’ கட்டுகிற ஊரில், ரயிலும் லாரியும் சண்டையில்லாமல் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. கோழிக்குச் சாப்பாடு ரயிலில் வருகிறது. தறிக்காரர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார். இது கேலிக்காகச் சொல்வதில்லை. ஒரு தடம் யாருக்காக ஓடுகிறது என்பது அதன் கால அட்டவணையில் எழுதியிருக்கிறது என்பதற்காகச் சொல்வது. கால அட்டவணை ஒரு பிரதி. எந்த நேரத்தில் வண்டி இல்லை என்பதை வைத்து யாரை ஆளாக எண்ணவில்லை என்று அதில் வாசிக்க முடியும்.

இந்த இடத்தில் ஒரு வட்டம் தொடங்குகிறது. உபயோகமில்லாத நேரத்தில் வண்டி விடப்படுகிறது. ஆள் ஏறுவதில்லை. ஆள் ஏறவில்லை என்று எண்ணிக்கை எடுக்கப்படுகிறது. எண்ணிக்கை குறைவு என்று வண்டியோ நிறுத்தமோ குறைக்கப்படுகிறது. கடைசியில் இந்த ஊருக்கு ரயில் தேவையே இல்லை என்பது விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாகிவிடுகிறது. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் நிறுத்திய வண்டிகளைத் திரும்ப விட்டபோது, நாடு முழுக்கப் பல சின்ன ஸ்டேஷன்களில் நிறுத்தம் காணாமல் போனதற்குச் சொன்ன காரணம் இதுதான். திரும்ப வந்த சாதா வண்டிகளிலும் ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் மாற்றி 10 ரூபாய்க் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் 10-க்கு இறங்கியது. மல்லூரிலிருந்து சேலம் போகிறவர் 30 ரூபாய் கொடுத்து ஏறவில்லை என்றால், அந்த வருசங்களின் கணக்கில் அவர் ‘ஆளில்லை’.

3

ஆளற்ற வெளி என்பது இலக்கியத்தில் அழகான விஷயம். பனி, ஒற்றைப் பெட்டி வண்டி, வெறிச்சோடிய பிளாட்பாரம். இந்தப் படிமத்தை உலகத்துக்குக் கொடுத்ததில் யசுநாரி கவபத்தாவின் ‘பனி நாடு’ நாவலுக்குப் பங்கு உண்டு. 1931-ல் திறந்த ஷிமிசு சுரங்கம் வழியாக ரயில் வெளியே வந்து பனிப் பிரதேசத்தில் நிற்பதில் நாவல் தொடங்குகிறது. ஜன்னல் கண்ணாடியில் ஒரு பெண்ணின் முகமும் வெளியே நகரும் அந்தி வெளிச்சமும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிவதைப் பற்றி எழுதாத விமர்சகன் இல்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே, அதே பெண் ஜன்னலைத் திறந்து ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டு, தன் தம்பி இங்கே ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள். பனிச்சரிவால் வண்டிகள் நின்றதைப் பற்றிப் பேச்சு வருகிறது. இந்தத் தம்பியை நாம் மறந்துவிடுகிறோம். கண்ணாடியில் தெரியும் முகம் ‘அழகியல்’. பனியில் வேலை பார்க்கும் தம்பி ‘பின்னணி’.

ஏன் மறக்கிறோம் என்பதற்கு ஜப்பானிய விமர்சகர் கரதானி கோஜின் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். நவீன ஜப்பானிய இலக்கியத்தின் தோற்றங்களைப் பற்றி 1980-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், நிலக்காட்சி என்பது எப்போதும் அங்கேயே இருந்த ஒன்றல்ல, ஒரு காலகட்டத்தில் ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்கிறார். கண்டுபிடித்தவன் யார்? தன் அகத்துக்குள் திரும்பிக்கொண்டவன், எதிரே இருக்கிற மனிதர்கள் மேல் அக்கறை போனவன். குனிகிதா தொப்போ 1898-ல் எழுதிய ஒரு சிறுகதையை உதாரணம் காட்டுகிறார். கப்பலில் போகிறவன் தூரத்துத் தீவில் ஒரு ஆளைப் பார்க்கிறான். மறக்க முடியாமல் போகிறது. ஆனால் அந்த ஆள் அவனுக்கு மனிதனல்ல, காட்சியின் ஒரு பகுதி. ஓடும் வாகனத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வெளியே நிற்கிறவன் நிலமாகிவிடுகிறான். ஒரே ஒரு மாணவியின் கதையில் நாம் எல்லோரும் அந்தக் கப்பல் பயணிகள்தான்.

நமக்கு இதை யோசிக்க வேறொரு கருவி கையிலேயே இருக்கிறது. பாலைக்கு ஐந்திணையில் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலை ஒரு இடம் அல்ல, ஒரு இடத்துக்கு நேர்வது. திணைக் கோட்பாட்டைப் பெருமைக்காகத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை உபயோகப்படுத்திப் பார்க்கலாம். ஆளற்ற ஊர் என்று ஒன்று இயற்கையில் இல்லை. சுரங்கம் மூடி, பள்ளிக்கூடம் மூடி, ஆஸ்பத்திரி மூடி, கடைசியில் ரயிலும் நின்றால் ஊர் பாலையாகிறது. ஹொக்கைடோவின் நிலக்கரி ஊர்களுக்கு நடந்தது இது. அங்கே மூடுவது வெயிலல்ல, பட்ஜெட். அதன் மேல் பனி விழுந்ததும் அழகாகிவிடுகிறது.

4

பனிநாட்டு ரயில் ஊழியனைப் பற்றி மிகப் பிரபலமான பிரதி ஒன்று உண்டு. அசதா ஜிரோவின் ‘பொப்போயா’ சிறுகதை. அதைத் தலைப்பாகக் கொண்ட தொகுப்புக்கு 1997-ல் நவோக்கி பரிசு கிடைத்தது. 1999-ல் யசுவோ ஃபுருஹாதா படமாக்கினார், கென் தகாகுரா நடித்தார். ஹொக்கைடோவில் சுரங்கம் மூடிப்போன ஊர், கிளைத்தடத்தின் கடைசி ஸ்டேஷன், அதுவும் மூடப்போகிறது. ஓய்வுபெறப்போகும் ஸ்டேஷன் மாஸ்டர், குழந்தை செத்த நாளிலும் மனைவி செத்த நாளிலும் கொடியோடு பிளாட்பாரத்தில் நின்றவர். செத்துப்போன மகள் அவள் வளர்ந்திருக்கக்கூடிய வயதுகளில் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறாள். அவரும் பிளாட்பாரத்திலேயே சாகிறார், பனியில்.

படம் அழவைக்கும். அழுவதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் யாருடைய விசுவாசத்துக்காக அழுகிறோம் என்று கேட்க வேண்டும். தேசிய ரயில்வே ஜப்பானில் 1987 ஏப்ரல் 1 அன்று கம்பெனிகளாக உடைக்கப்பட்டது. 37 லட்சம் கோடி யென் கடன் காரணமாகச் சொல்லப்பட்டது. அப்போதைய பிரதமர் நகசோனே, ‘கொகுரோ’ என்கிற ரயில்வே தொழிற்சங்கத்தை உடைப்பதும் நோக்கம்தான் என்று பிற்காலத்தில் ஒளிக்காமல் பேசினார். புதுக் கம்பெனிகள் எடுத்துக்கொள்ளாமல் விட்டவர்களில் 1,047 பேர் 1990-ல் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலும் கொகுரோக்காரர்கள், பெரும்பாலும் ஹொக்கைடோ, கியூஷு ஆட்கள். இருபது வருசம் போராடினார்கள். 2010-ல் சமரசம் வந்தது. பணம் வந்தது, வேலை வரவில்லை. இந்த 1,047 பேரைக் காணாமல் ஆக்கிய பிறகு, எதுவும் கேட்காமல் பனியில் நின்று சாகிற ஒரே ஒரு ஊழியனைத் திரை நமக்குத் தருகிறது. ஒரே ஒரு பயணி, ஒரே ஒரு ஊழியன். கூட்டத்தைக் கலைத்துவிட்டு ஒற்றையைப் போற்றுகிற அதே இலக்கணம்.

கணக்குப் பக்கமும் பார்க்கலாம். ஹொக்கைடோ கம்பெனி நஷ்டத்தில்தான் ஓடும் என்று 1987-லேயே தெரியும். அதற்காக சுமார் 68,000 கோடி யென் நிதி ஒன்றை ஒதுக்கி, அதன் வட்டியில் நஷ்டத்தை ஈடுகட்டலாம் என்றார்கள். 7 சதவீதத்துக்கு மேல் வட்டி வரும் என்று கணக்கு. தொண்ணூறுகளில் ஜப்பானில் வட்டி விகிதம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்தது. ஆக, ஒரு மலையோர ஸ்டேஷன் மூடுவதற்கு டோக்கியோவின் வட்டி விகிதமும் காரணம். ஆனால் வட்டி விகிதம் குறைந்தது என்று அறிவிப்புப் பலகையில் எழுத மாட்டார்கள். ஆளில்லை என்று எழுதுவார்கள்.

படத்தில் வரும் ஸ்டேஷனாக நடித்தது நெமுரோ பிரதானத் தடத்தில் இருந்த இகுதோரா ஸ்டேஷன். 2016 ஆகஸ்டில் சூறாவளி வந்து பாதை சேதமானது. செப்பனிடவில்லை. ஃபுரானோ–ஷிந்தோகு இடையே 81.7 கிலோமீட்டரை 2024 ஏப்ரல் 1 முதல் ஒரேயடியாக ஒழித்துவிட்டார்கள். படத்துக்குப் போட்ட செட் சுற்றுலாப் பொருளாக நிற்கிறது. மூடப்படும் ஸ்டேஷனைப் பற்றிய படம் ஸ்டேஷனைக் காப்பாற்றவில்லை. மூடியதை முன்கூட்டியே அழுது தீர்த்துக்கொடுத்தது.

5

நம்மூரில் மூடுகிறோம் என்று சொல்ல மாட்டார்கள். அகலப்பாதையாக்க நிறுத்துகிறோம் என்பார்கள். மதுரை–போடி தடம் 2011 ஜனவரியில் நின்றது. போடிக்கு மறுபடி வண்டி போனது 2023 ஜூனில். பன்னிரண்டு வருசம். நின்ற அன்று ஆறாவது படித்த பிள்ளை, வண்டி வந்தபோது கல்லூரியே முடித்திருக்கும். அந்தப் பிள்ளைக்காக யாரும் கதை கட்டவில்லை.

காரைக்குடி–திருவாரூர் தடத்தில் நடந்தது இதைவிடப் பாடம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் அகலப்பாதை, 2019 ஜூனில் வண்டி விட்டார்கள். வழியெல்லாம் லெவல் கிராசிங், கேட்கீப்பர் போடவில்லை. அதனால் கேட்கீப்பரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். வண்டி தாண்டி மறுபடி நிற்கும். இன்னொருவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். இப்படியே ஒவ்வொரு கேட்டும். பயணம் சுமார் ஆறு மணி நேரம். இந்த வண்டியில் ஆள் ஏறவில்லை என்று சொன்னால் அது பயணியைப் பற்றிய தகவலா, போடாத கேட்கீப்பரைப் பற்றிய தகவலா? தொழிலாளி இல்லாத இடத்தில்தான் பயணியும் இல்லாமல் போகிறார். ஆளில்லை என்பது முதலில் வேலைக்கு ஆள் எடுக்கவில்லை என்பதுதான்.

இதோடு டிக்கெட்டையும் வாசிக்க வேண்டும். 2016 முதல் நம் ரயில் டிக்கெட்டுகளில் ஒரு வாசகம் அச்சாகத் தொடங்கியது: பயணச் செலவில் 57 சதவீதம்தான் கட்டணமாகத் திரும்ப வருகிறது என்று. அதாவது ஏறி உட்கார்ந்தவனிடம், மீதி 43-க்கு நீ கடன்பட்டவன் என்று சொல்வது. அதே ஆண்டில்தான் ஒரு மாணவிக்காக ரயில் விட்ட நாட்டைப் பார்த்து நாம் உருகினோம். முதியோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் எடுத்தபோது அந்த உருக்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இன்னொன்று. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாமல் ஆனது. வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரத்துக்குக் கடை வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற பெண், தறியில் நூல் சுற்றிச் சம்பாதிப்பதில் ஒரு பகுதியைப் பஸ்ஸுக்குக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். இதைப் பொதுவில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? ‘ஓசி பஸ்’. கடல் தாண்டி ஒரே ஒரு பெண்ணுக்கு ரயில் நின்றால் நாகரிகம். இங்கே லட்சம் பெண்கள் ஏறினால் ஓசி. ஒரு ஆள் என்றால் கருணை காட்ட வசதி. லட்சம் பேர் என்றால் அது உரிமை. உரிமை என்றால் பங்கு கேட்பார்கள். பங்கு கேட்பவர்கள் நமக்கு அழகாகத் தெரிவதில்லை. ஒற்றை மாணவிக் கதையை அனுப்புகிற கையும் ஓசி என்று எழுதுகிற கையும் பல சமயம் ஒரே கைதான்.

6

நியாயமான ஒரு ஆட்சேபம் வரும். காலி வண்டியை ஓட்டச் சொல்கிறீர்களா? பஸ் இருக்கிற ஊருக்கு ரயில் எதற்கு, பெருமைக்கா?

வெண்ணந்தூருக்கு இன்றைக்கு உண்மையான ரயில் டவுன் பஸ்தான் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பக்கத்தில் நிற்கிறது, அடிக்கடி வருகிறது, பெண்ணுக்குக் காசில்லை. ரயில் என்றாலே முன்னேற்றம் என்கிற பக்தி நமக்கு வேண்டாம். அந்தத் தடத்தில் வந்தே தீர வேண்டும் என்று எதுவுமில்லை. ஆனால் போட்ட தடம் போட்டாகிவிட்டது. நிலம் கொடுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். தூரத்து வண்டிக்கும் தீவனத்துக்கும் அது பயன்படுகிறது என்றால், நிலம் கொடுத்தவனுக்கு அது ஏன் பயன்படவில்லை என்று கேட்பது பெருமை இல்லை.

அளவுகோலை மாற்ற முடியும் என்பதற்கு அதே ஜப்பானில் அத்தாட்சி இருக்கிறது. 1980-ல் வந்த தேசிய ரயில்வே மறுசீரமைப்புச் சட்டத்தில், ஒரு கிலோமீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4,000 பேருக்குக் குறைவாகப் போகிற தடங்கள் களையெடுப்புக்கு வந்தன. அப்படிக் குறிக்கப்பட்டவை 83 தடங்கள். 45 பஸ்ஸாக மாறின, 38 வேறு நிர்வாகங்களுக்குப் போயின. ஆனால் அதே கணக்கில் விதிவிலக்குகள் உண்டு. மாற்றுச் சாலை பனியால் ஆண்டுக்குப் பத்து நாளுக்கு மேல் மூடிக்கிடந்தால் அந்தத் தடத்தைத் தொடக்கூடாது. ஃபுகுஷிமா, நீகாத்தா மாகாணங்களுக்கு இடையே மலைக்குள் 135 கிலோமீட்டர் போகும் தாதாமி தடம் இப்படித்தான் பிழைத்தது. அதாவது எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, இது இல்லையென்றால் எவர் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று ஒருமுறை கேட்டார்கள். கேள்வி மாறியதும் பதில் மாறியது.

தாதாமியின் கதை அதோடு முடியவில்லை. அந்தத் தடத்தின் நடுப்பகுதியே தாகோகுரா அணை கட்டச் சாமான் கொண்டுபோகப் போட்டது. அணையின் மின்சாரம் போவது தலைநகர்ப் பக்கம். மேட்டூரும் சேலமும் தெரிந்தவர்களுக்கு இது புதுசில்லை. 2011 ஜூலை மழையில் பாலங்கள் போயின. பஸ் விட்டுக்கொள்ளலாம் என்றது கம்பெனி. மாகாண நிர்வாகமும் ஊராட்சிகளும் விடவில்லை. 27.6 கிலோமீட்டர் பாதையை மாகாணமே எடுத்துக்கொண்டு, வண்டி ஓட்டுவது மட்டும் கம்பெனி பொறுப்பு என்று ஏற்பாடு செய்து, 2022 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள்.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியாது. தாதாமி அழகான தடம். ஆற்றுப் பாலத்தில் வண்டி போவதைப் படம் பிடிக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். சுற்றுலா வருமானம் என்கிற வாதமும் அதைக் காப்பாற்ற உதவியது. அழகு ஒரு தடத்தைக் காப்பாற்றும் என்றால் அழகில்லாத தடத்துக்கு என்ன வழி? மல்லூரிலிருந்து மோகனூர் வரை மரவள்ளிக்காடு, கோழிப்பண்ணை, உயரழுத்த மின்கம்பி, கரடு. கேமராவோடு யாரும் வரப்போவதில்லை. எனவே நமக்கு அழகியல் வழி அடைபட்டிருக்கிறது. ஒருவகையில் அது நல்லது. கேட்பதைக் கணக்காகவும் அரசியலாகவும் மட்டுமே கேட்க முடியும்.

கேட்க வேண்டியவை சின்ன விஷயங்கள். காலை, மாலை வண்டி நேரத்தைத் தறிக்கும் கல்லூரிக்கும் பொருந்த வைப்பது. ராசிபுரம் ஸ்டேஷனுக்கு வண்டி நேரத்தை ஒட்டி டவுன் பஸ். தூரத்து வண்டி தாமதமானால் உள்ளூர் வண்டியை ஓரம் கட்டாதிருப்பது. கேட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நிரந்தர ஆள். 2023-ல் சேலத்து வண்டியை மயிலாடுதுறை வரை நீட்டினார்கள். அப்படி நீட்டும்போது திருச்சியில் ஆகும் தாமதம் களங்காணியில் யார் தலையில் விழுகிறது என்று அங்கே காத்திருப்பவனைக் கேட்டுவிட்டு நீட்டுவது. இவற்றைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு தலையை எண்ணட்டும். அதற்கு முன்னால் எடுக்கிற எண்ணிக்கை பயணியை எண்ணுவதில்லை, தான் செய்யாததைத்தான் எண்ணுகிறது.

எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அடுத்த முறை பனியில் நிற்கும் மாணவியின் படம் வந்தால், அவளுக்குப் பின்னால் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே என்று எழுதுவோம். களங்காணியில் சாயங்காலம் வண்டிக்கு நிற்கிற நாலு பேரைப் பற்றி எழுதும்போது அவர்களைத் தனிமையாக்காமல், அழகாக்காமல், எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டு எழுதுவோம். அந்த நாலு பேர் நாலு பேர் மட்டும் இல்லை. மீதிப் பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.